கீமோ எடுக்கேக்க அண்டிஒக்சிடன்ட் குளிசை போடலாமா?
காலிமுகத்திடல்ல இஸ்ஸோ வடை பொரிக்கிற தாச்சிக்குப் பக்கத்தில நிண்டா, எண்ணெய் கருகேக்க கண்ணை எரிக்கிற ஒரு புகை வரும், அதில இருக்கிற ஒரு சாமானுக்குப் பேர் அக்ரோலீன். சைக்ளோபொஸ்பமைட் எண்ட கீமோ மருந்து ஏத்தினாலும் உடம்புக்குள்ள இதே அக்ரோலீன்தான் உண்டாகுது.

ஈரல் அந்த மருந்தை உடைக்கேக்க ரெண்டு பொருள் வருது. ஒண்டு பொஸ்பரமைட் மஸ்டர்ட், டிஎன்ஏ இழைகளைப் பிணைச்சுப் பூட்டி கான்சர் செல்லைக் கொல்றது அதுதான். மற்றது அக்ரோலீன், செல்லுக்குள்ள நாங்களே செய்து வச்சிருக்கிற குளூட்டாதயோன் எண்ட அண்டிஒக்சிடன்டைப் பிடிச்சுக் காலியாக்கிப்போடும், பிறகு செல்லைப் பழுதாக்கிற ஃப்ரீ ரேடிக்கலை அடக்க ஆளில்லை. இதால பிள்ளை பெறுற சக்தியும் பாதிக்கப்படலாம். விந்தணுவில லேசாக் கெட்டுப்போற கொழுப்பு கூடுதலா இருக்கு, பாதுகாக்கிற என்சைம் குறைவு, அதால அது சரியா அடிவாங்கும். ஆனா ஆணின்ர விதையில விந்தணுவை உண்டாக்கிற ஸ்டெம் செல் தப்பினா திரும்ப உற்பத்தி தொடங்கலாம். சூலகத்துக்கு அந்த வசதி இல்லை, பிறக்கேக்க 10 முதல் 20 லட்சம் கருமுட்டை, வயசுக்கு வரேக்க 3, 4 லட்சம், போனது போனதுதான்.

அதால விட்டமின் ஈ, மெலட்டோனின், மஞ்சள்ல இருக்கிற குர்குமின் எண்டு கனக்க எலிக்குக் குடுத்துப் பாத்திருக்கினம், சூலகமும் விதையும் குறைவாத்தான் பழுதாச்சு. நல்ல செய்திதான், ஆனா அந்த எலிகள்ல அனேகமானதுக்குக் கான்சரே இல்லை! கட்டியையும் சேர்த்துக் காப்பாத்திப்போடுமோ எண்ட கேள்வி அங்க எழும்பாது. 2020ல வந்த ஒரு மார்புப் புற்றுநோய் ஆய்வில, கீமோக்கு முன்னமும் எடுக்கேக்கயும் அண்டிஒக்சிடன்ட் குளிசை போட்ட ஆக்களுக்கு நோய் திரும்பி வாறது கூடவா இருந்துது. குளிசைதான் காரணம் எண்டு அதை வச்சு அடிச்சுச் சொல்லேலாது, எண்டாலும் எனக்கு அது காணும், வெள்ளவத்தைப் பாமசியில வாங்கிற போத்தலை டொக்டருக்குக் காட்டாமப் போடாதீங்க. பருப்புக்கறிக்குப் போடுற மஞ்சளும் வல்லாரைச் சம்பலும் வேற கதை, சாப்பாட்டளவுக்குப் பயப்பட ஒண்டுமில்லை.

இன்னொண்டு, அந்தப் பொஸ்பரமைட் மஸ்டர்ட் நேராவே டிஎன்ஏல கை வைக்கிறதால அண்டிஒக்சிடன்ட் முழுசாக் காப்பாத்தும் எண்டு எதிர்பாக்கவும் ஏலாது. அக்ரோலீனைப் பிடிக்க மெஸ்னா எண்டு ஒரு மருந்து ஆஸ்பத்திரியில ஏத்துறவை, அது சிறுநீர்ப்பையை மட்டும்தான் காக்கும்.

பிள்ளை வேணும் எண்ட ஆக்கள் முதல் ஊசிக்கு முன்னமே டொக்டரோட கதைக்கவேணும், விந்தணுவையோ கருமுட்டையையோ எடுத்து உறைய வைக்கிறதுக்கு அதுதான் நேரம், கீமோ தொடங்கினாப் பிறகு எடுக்கிற விந்தணுவில டிஎன்ஏ பழுது இருக்கலாம்.