பூசணம் பிடிக்கும் முன்: வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றும் முறை

நீலகிரியில் வீடியோ கேசட்டுக்கு வயதைவிடப் பெரிய எதிரி ஈரம். தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டிப் பக்கத்தை நனைத்து ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வந்துவிடும். பீரோவில் அடுக்கி வைத்த கேசட்டை எடுத்து அதன் கண்ணாடி வழியே பாருங்கள். டேப் சுருளின் கறுப்பு விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூசணம் பிடித்துவிட்டது என்று பொருள். ஓட்டிப் பார்க்க மெஷினும் எளிதில் கிடைப்பதில்லை. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியதோடு உலகில் புது வி.சி.ஆர். வருவது நின்றுபோனது. கல்யாணமோ, ஹெத்தையம்மன் பண்டிகையோ, பள்ளி ஆண்டுவிழாவோ, கேசட்டில் இருப்பதைக் கணினிக்கு மாற்ற இனியும் காத்திருக்கக் கூடாது.

மாற்றும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டேப்பிலிருந்து கணினிக்குள் படம் நுழையும் அந்தக் கட்டத்தில் இழந்ததைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால் உள்ளது உள்ளபடி முதலில் உள்ளே வரட்டும். அழகுபடுத்துவது, சுருக்குவது, வெட்டி ஒட்டுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வி.எச்.எஸ். வகை வீடியோ கேசட்டின் டேப் அரை அங்குல அகலம் கொண்டது, விநாடிக்கு 23.39 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. இந்த வேகத்தில் படத்தை எழுத முடியாது. அதனால் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று சாய்வாக நின்று நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. அதில் எதிரெதிராகப் பதித்த இரண்டு ஹெட்டுகள் (எழுதிப் படிக்கும் காந்த முனைகள்) டேப்பின் மேல் மாறி மாறிச் சாய்கோடுகளை எழுதுகின்றன. ஒவ்வொரு கோட்டின் அகலமும் 49 மைக்ரான். ஒரு சாய்கோடு ஒரு ஃபீல்டு, அதாவது பாதிப் படம்; விநாடிக்கு 50 ஃபீல்டு. இந்தியாவில் நாம் பயன்படுத்திய பால் (PAL) என்ற டி.வி. முறையில் ஒரு முழுப்படத்துக்கு, அதாவது ஃபிரேமுக்கு, 625 வரிகள், கண்ணுக்குத் தெரிபவை 576. ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டிலும் இரட்டைப்படை வரிகள் அடுத்த ஃபீல்டிலும் இருக்கும். இந்த இரண்டும் ஒரே நொடிப்பொழுதில் எடுத்தவை அல்ல; இடையில் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கடந்திருக்கிறது. இது பின்னால் தேவைப்படும், நினைவில் இருக்கட்டும்.

ஒரு வரி ஓடி முடிய 64 மைக்ரோ விநாடி ஆகும். டெக்கிலிருந்து வரும் படத்தைக் கணினிக்குள் வாங்கும் கருவியான கேப்சர் கார்டில் உள்ள சிப், வரி தொடங்குவதைக் குறிக்கும் துடிப்பைக் கண்டதும், விநாடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை என்ற கணக்கில் மின்னழுத்தத்தை அளக்கத் தொடங்குகிறது. ஒரு வரிக்கு 864 அளவுகள் கிடைக்கும். படம் இல்லாத ஓரத்தை விட்டுவிட்டு 720 புள்ளிகளை வைத்துக்கொள்ளும். 720க்கு 576 என்ற அளவு இப்படி வந்ததுதான்.

சிக்கல் எங்கே வருகிறது? ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி சுமார் 74 நானோ விநாடி. பழைய டேப் கொஞ்சம் நீண்டிருக்கும், மோட்டார் ஒரே சீராகச் சுற்றாது, டேப்பின் இழுவிசை கூடிக் குறையும். இதனால் ஒரு வரி 0.3 மைக்ரோ விநாடி முன்பின்னாக வந்தாலே நான்கு புள்ளி நகர்ந்துவிடும். நேராக நிற்க வேண்டிய கல்யாணப் பந்தல் கால் நெளிவதும், படத்தின் மேல்பகுதி காற்றில் ஆடும் கொடியாக ஒரு பக்கம் சாய்வதும் இதனால்தான். பழைய பெட்டி டி.வி. இந்தத் தள்ளாட்டத்தோடு சேர்ந்தே ஓடிப் பழகியது. கேப்சர் கார்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. துடிப்பு தவறினால் ஒரு ஃபிரேமை விட்டுவிடும், அல்லது முந்தைய ஃபிரேமையே இன்னொரு முறை போட்டு நிரப்பும்.

இதைச் சரிசெய்வது டைம் பேஸ் கரெக்டர். வரிகளை நினைவகத்தில் வாங்கி, ஒரே சீரான இடைவெளியில் திருப்பி அனுப்பும் சுற்று அது. சில எஸ்-வி.எச்.எஸ். டெக்குகளில் (தரம் கூடிய வி.சி.ஆர்.கள்) உள்ளேயே இருக்கிறது. சில பழைய டி.வி.டி. ரெக்கார்டர்களை வி.சி.ஆருக்கும் கார்டுக்கும் நடுவில் இணைத்தாலும் நெளிவு பெருமளவு குறையும். கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால், விலை கூடிய கார்டு வாங்குவதைவிட நல்ல டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து சர்வீஸ் செய்வதே மேல். சாதாரண யூ.எஸ்.பி. கார்டும் நல்ல டெக்கின் பின்னால் நல்ல வேலை செய்யும்.

ஒரு வழியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வி.சி.ஆரின் படம் வரும் மஞ்சள் பின்னை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சின்னப் பெட்டி, அதன் பின்னால் எச்.டி.எம்.ஐ. கேப்சர் ஸ்டிக் என்று பலர் வாங்குகிறார்கள். அந்தப் பெட்டி இரண்டு ஃபீல்டையும் தன் இஷ்டத்துக்கு ஒன்றாக்கி, 4:3 படத்தை அகலமாக இழுத்து, பெரும்பாலும் விநாடிக்கு 50 என்பதை 60 ஆக்கி அனுப்புகிறது. ஓட்டம் தட்டுத்தடுமாறிப் போகும். பிறகு திருத்தவும் வழியில்லை.

இணைப்பதற்கு முன் கேசட்டைக் கவனிக்க வேண்டும். பூசணம் பிடித்ததை அப்படியே டெக்கில் போட்டால் அது ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் வையுங்கள். ஈரம் போனால் பூசணம் பொடியாகிவிடும், துடைக்க எளிது. கேசட்டின் அடியில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். திறந்து, வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுருளின் விளிம்பை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடலாம். வெள்ளை அதிகம் என்றால், நூல் பிரியாத துணிக்கு நடுவே டேப்பை மெதுவாகக் கையால் சுற்றி எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட கேசட்டுகளுக்கென்று தனி டெக் ஒதுக்குவது நல்லது.

டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் இன்னொரு ஆபத்து உண்டு. குளிர்ந்து கிடந்த டெக்கை அடுப்போ ஹீட்டரோ எரியும் அறைக்குக் கொண்டுவந்ததும் உருளையின் மேல் பனித்துளி படியும். ஈர உருளையில் டேப் ஒட்டிக்கொண்டு கசங்கும், அறுந்தும் போகும். டெக்கும் கேசட்டும் அறையின் வெப்பத்துக்கு வர இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஹெட்டைச் சுத்தம் செய்ய காதுக்குச்சி கூடாது. அதன் பஞ்சு ஹெட்டின் மெல்லிய முனையில் சிக்கி அதை உடைத்துவிடும். வெள்ளைத் தாளில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து, உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்க்கவே கூடாது.

இணைப்பு எளிது. படத்துக்கு மஞ்சள் பின், டெக்கில் இருந்தால் அதற்குப் பதில் எஸ்-வீடியோ. ஒலிக்கு வெள்ளையும் சிவப்பும். மோனோ டெக்கில் ஒன்று போதும். மென்பொருளில் முதலில் முறையை பால் என்று மாற்றுங்கள். பல கார்டுகள் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில்தான் தொடங்கும், படம் உருண்டாலோ கறுப்பு வெள்ளையில் வந்தாலோ முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட்டாக இருந்தால் நிலைமை தலைகீழ், அதற்கு என்.டி.எஸ்.சி.தான் சரி. படத்தில் அகலமான நிழல்பட்டை மெதுவாக ஏறி இறங்கினால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குறுக்கீடு. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

அடுத்தது வெளிச்ச அளவு. நம் மலைக்கு இது மிக முக்கியம். படகர் வீட்டுக் கல்யாணத்தில் ஆணும் பெண்ணும் வெள்ளை உடுத்தி வெயிலில் நிற்பார்கள். கார்டு ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் கொடுக்கிறது. அதில் கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்பது விதி. கார்டின் கான்ட்ராஸ்ட் கூடுதலாக இருந்தால் வெள்ளைத்துணியின் மடிப்பு, நிழல், கரை அத்தனையும் உச்ச எண்ணில் மோதி ஒரே வெள்ளையாகிவிடும். விர்ச்சுவல்டப் மென்பொருளின் கேப்சர் பகுதியில் ஹிஸ்டோகிராம் (எந்த வெளிச்ச எண்ணில் எத்தனை புள்ளி என்று காட்டும் வரைபடம்) இருக்கிறது. கேசட்டில் மிகப் பிரகாசமான காட்சியை ஓடவிட்டு, வரைபடம் வலது சுவரில் மோதுவது நிற்கும்வரை கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். இருட்டான காட்சியில் பிரைட்னஸை வைத்து இடது பக்கத்தையும் அப்படியே சரிபாருங்கள். கொஞ்சம் மங்கலாகப் பதிந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

எந்த வடிவில் பதிவது? சுருக்காமல் பதிந்தால் விநாடிக்கு சுமார் 20.7 எம்.பி., மணிக்கு 75 ஜி.பி. வரும். ஹஃப்ஒய்யூவி போன்ற இழப்பில்லாச் சுருக்கம் அதை ஏறக்குறையப் பாதியாக்கும், தரமும் குறையாது. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 120 ஜி.பி. இடம் காலியாக வைத்திருங்கள். ஓ.பி.எஸ். நேரலைக்கு அருமையான மென்பொருள்தான். ஆனால் ஃபீல்டுகளைப் பிரித்தபடியே பதிவது அதன் வேலை அல்ல. இங்கே விர்ச்சுவல்டப்தான் ஏற்றது.

ஒலியைக் கார்டின் வழியாகவே 48 கிலோ ஹெர்ட்ஸில் எடுங்கள். படத்தைக் கார்டிலும் ஒலியைக் கணினியின் மைக் துளையிலும் தனித்தனியாக எடுத்தால் இரண்டுக்கும் இரண்டு கடிகாரம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.36 விநாடி தள்ளிப்போகும். பேச்சு தொடக்கத்தில் சரியாகவும் முடிவில் உதடு ஒன்று, சொல் ஒன்றாகவும் இருக்கும்.

பதிவு ஓடும்போது கணினியில் வேறு வேலை வேண்டாம். கார்டை ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியிலேயே செருகுங்கள். விடுபட்ட ஃபிரேம் எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. சீராக ஏறிக்கொண்டே போனால் ஹார்டு டிஸ்கின் வேகத்தையோ ஆண்டிவைரஸையோ பாருங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கூட்டமாக விடுபட்டால் குற்றம் டேப்பில். டெக்கின் டிராக்கிங்கை (ஹெட் சாய்கோட்டின் மேல் சரியாக ஓடும்படி திருத்தும் வசதி) மாற்றி அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுக்கலாம். படத்தின் அடியில் நாலைந்து வரி எப்போதும் கிழிந்தே தெரியும். ஒரு ஹெட்டிலிருந்து மற்றதுக்கு மாறும் இடம் அது, பழுதல்ல.

கடைசியாகப் பார்ப்பதற்கான பிரதி. முதலில் சொன்ன இரண்டு ஃபீல்டுகளை ஒரே படமாக ஒட்டினால் ஆடுகிறவர்களின் கைகால் ஓரத்தில் சீப்புப் பற்கள் தெரியும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில், ஃபீல்டுகளைக் கையாளும் டீஇன்டர்லேஸ் பகுதியில் பாப் என்பதைத் தேர்ந்து, ஃபிரேம் எண்ணிக்கையை 50 என்று வையுங்கள். ஒவ்வொரு ஃபீல்டும் தனிப் படமாகும், ஆட்டத்தின் அசைவு முழுதாகக் கிடைக்கும். பலர் 25இல் விட்டு பாதி அசைவைத் தொலைக்கிறார்கள். எச்.264 என்ற சுருக்க முறையில் விநாடிக்கு 8 மெகாபிட் கொடுத்தால் மணிக்கு 3.6 ஜி.பி., போனிலும் ஓடும்.

பெரிய மூலக்கோப்பை அழிக்காதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்து, ஒன்றை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போட வேண்டாம். முழுதாக ரீவைண்டு செய்து, புத்தகத்தைப் போல நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் டப்பாவிலேயே வைத்து, மழைக்காலம் தொடங்கும் முன் ஜெல்லை மாற்றுங்கள்.