முறுக்கி ஒட்டிய டிஷ் கேபிளில் படம் ஏன் உடைகிறது?

மொட்டை மாடியில் அணில் கடித்துவிட்ட விளக்கு ஒயரைச் சீவி, கம்பிகளை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் விளக்கு எரிந்துவிடும். அதே வேலையை டிஷ் ஆண்டெனாவிலிருந்து இறங்கும் கேபிளில் செய்தால், சில சேனல்கள் வரும், சில வரமாட்டா, வருகிற படமும் கட்டம் கட்டமாக உடையும். செம்பு செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தும் இப்படி ஆவதற்குக் காரணம், இந்தக் கேபிளில் சிக்னலின் ஆற்றல் பயணம் செய்யும் இடம் கம்பியின் உட்புறம் அன்று; நடுக்கம்பிக்கும் அதைச் சூழ்ந்த கம்பிவலைக்கும் இடையே உள்ள வெள்ளை நுரைப் பகுதியே அது.

டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற அலைவாங்கி, செயற்கைக்கோள் அலைகளை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணுக்குக் குறைத்துக் கேபிளில் அனுப்புகிறது. வீடுகளில் பயன்படும் ஆர்ஜி-6 கேபிளில் நடுக்கம்பியின் விட்டம் சுமார் 1 மில்லிமீட்டர், நுரையின் விட்டம் சுமார் 4.6 மில்லிமீட்டர். இந்த விகிதமும் நுரையின் மின்காப்புத் தன்மையும் சேர்ந்தே கேபிளின் மின்மறிப்பை (அதில் ஓடும் அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதத்தை) 75 ஓம் என்று நிர்ணயிக்கின்றன. விகிதம் குலையும் இடத்தில் அலையின் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடுகிறது. 2150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் கேபிளுக்குள் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்தான். எனவே 3 சென்டிமீட்டர் நீளமுள்ள முறுக்கு ஒட்டு, அதன் பார்வையில் கால் அலைநீளத்துக்கு வடிவம் கெட்ட பாதை. விளக்கு எரிக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கோ அலைநீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், அதற்கு இந்த ஒட்டு ஒரு பொருட்டே அன்று.

நடுக்கம்பியைக் காந்தம் இழுப்பதைக் கண்டு, கடைக்காரர் போலிச் சரக்கைத் தந்துவிட்டதாகக் கோபப்படுவோர் உண்டு. பெரும்பாலான ஆர்ஜி-6 கேபிள்களில் செம்புப் பூச்சிட்ட எஃகுக் கம்பியே இருக்கிறது. 1000 மெகாஹெர்ட்ஸ் அளவில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 2 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடுவதால், உள்ளே இருப்பது எஃகா செம்பா என்பது சிக்னலைப் பாதிப்பதில்லை. ஆனால் அதே கம்பி வழியாகத்தான் செட்டாப் பாக்ஸ் எல்என்பிக்கு மின்சாரமும் அனுப்புகிறது: 13 வோல்ட் சென்றால் செங்குத்துத் தளத்தில் அதிரும் அலைகளையும், 18 வோல்ட் சென்றால் கிடைமட்டத் தளத்தில் அதிரும் அலைகளையும் எல்என்பி பிடிக்கிறது. துருப்பிடித்த ஒட்டிலும் நீண்ட எஃகுக் கம்பியிலும் வோல்ட் குறைந்து 18 என்பது 14 ஆகிவிட்டால், ஒரு தளத்தின் சேனல்கள் மட்டும் கூண்டோடு காணாமல் போகும். சேனல்கள் பாதிக்குப் பாதி மறைந்தால், டிஷ்ஷைத் திருப்பத் தொடங்குமுன் ஒட்டுகளைப் பார்ப்பதே நல்லது.

பழுது பார்ப்பதென்றால், முதலில் செட்டாப் பாக்ஸின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இரு முனைகளிலும் எஃப் கனெக்டர் (டிஷ் கேபிள் முனையில் மாட்டும் உலோக இணைப்பி) மாட்டி, நடுவில் ஜாயின்டர் போட்டு இணைப்பதே முறை. வெளியுறையைச் சுமார் 12 மில்லிமீட்டர் சீவி, வலையைப் பின்னோக்கி மடித்து, நுரையின் மேல் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளை அப்படியே விட்டு, சீவிய நீளத்தில் முனைப்பக்கப் பாதியில் மட்டும் நுரையை நீக்கிக் கம்பியை வெளிப்படுத்த வேண்டும். கனெக்டருக்குள் பார்க்கும்போது வெள்ளை நுரை அதன் உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும். கம்பி விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீண்டால் போதும். வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும் என்பதால் வெளிச்சத்தில் ஒருமுறை உற்றுப் பார்ப்பது அவசியம். நுரையைச் சீவும்போது பிளேடு செம்புப் பூச்சைக் கீறிவிடக் கூடாது. கீறிய இடத்தில் எஃகு துருப்பிடிக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பொல்லாதது தண்ணீர். நுரையின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தின் ஆற்றலைப் பொருள் எவ்வளவு தேக்கும் என்று காட்டும் எண்) ஏறத்தாழ 1.5, தண்ணீருக்கோ 80. வலையின் இழைகளுக்கிடையே நீர் ஊறி ஏறினால், ஒட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சிக்னல் உறிஞ்சப்பட்டுவிடும். அடைமழையில் படம் நின்று, மழை விட்டதும் வந்துவிட்டால் அது வானத்தில் நேரும் இழப்பு; அதற்குக் கேபிளைக் குறை சொல்ல முடியாது. மழை விட்டு ஒருநாள் ஆகியும் படம் தேறவில்லை என்றால் கேபிளுக்குள் நீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கனெக்டர்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, கேபிளை அதற்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். முன்பே நனைந்த கேபிளில் வலை மங்கி, பொடி பூத்திருக்கும். பளபளப்பான இழை தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், அதற்குள் நீளம் போதாமல் போனால் ஒரே துண்டாகப் புதுக் கேபிள் இழுப்பதுதான் வழி.