கல்யாணத்துக்கு விளக்கத்தை அரசியலமைப்பில் எழுதலாமா?

இந்திய அரசியலமைப்பு முழுவதையும் புரட்டினாலும் ‘கல்யாணம் என்றால் இன்னது’ என்று ஒரு வரி கிடைக்காது. ஏழாவது அட்டவணையில், மத்திய அரசும் மாநில அரசுகளும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில், 5வது பதிவில் ‘திருமணமும் மணமுறிவும்’ என்று வருகிறது. அவ்வளவுதான். யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம், எத்தனை வயதில், எந்தச் சடங்கோடு என்பதையெல்லாம் 1954ன் சிறப்புத் திருமணச் சட்டம், 1955ன் இந்துத் திருமணச் சட்டம், 1872லிருந்து இருக்கிற கிறிஸ்தவத் திருமணச் சட்டம் போன்ற சாதாரணச் சட்டங்கள்தான் சொல்கின்றன.

ஒருபாலினத் திருமண வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, என்னிடம் வேறு வேலையாக வருகிறவர்கள்கூட இந்தப் பேச்சை எடுக்கிறார்கள். “இவ்வளவு குழப்பம் எதுக்கு வக்கீலம்மா? ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் கல்யாணம்னு அரசியலமைப்பிலேயே எழுதிட்டா முடிஞ்சுபோச்சே!” கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பெரும்பாலும் கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கிற அப்பா அம்மாக்கள். நகரி, புத்தூர், திருத்தணி என்று ஆந்திர–தமிழ்நாட்டு எல்லையின் இரண்டு பக்கமும் குடும்ப வழக்குகள் நடத்துகிறவள் என்ற முறையில் நான் சொல்வது ஒன்றுதான்: அப்படி ஒரு வரி எழுதினால் முடியாது, அங்கேதான் ஆரம்பிக்கும். யாரைத் தடுக்க எழுதுகிறோமோ அவர்களோடு அது நிற்காது. என் அலுவலகத்துக்கு அழுதுகொண்டு வருகிற பெண்களில் பாதிப் பேரை அது தொடும்.

முதலில் நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் இல்லாமல், அக்னி இல்லாமல், சொந்தபந்தம் முன்னால் மாலை மாற்றியோ தாலி கட்டியோ மோதிரம் போட்டோ செய்கிற சுயமரியாதைக் கல்யாணம் தமிழ்நாட்டில் செல்லும். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 1968ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. ஆந்திரத்தில் அந்தப் பிரிவு கிடையாது. அதே ஜனம், அதே பேச்சு, அதே சம்பந்தம். எல்லைக் கோட்டைத் தாண்டினால் சட்டம் வேறு. திருத்தணியில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றி 2001ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. முதல் மனைவி உயிரோடு இருக்க, புருஷன் 1984ல் இன்னொரு பெண்ணைக் கட்டினார். இருதார மண வழக்கு வந்தபோது, ‘சப்தபதி நடக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை’ என்பது அவர் தரப்பு வாதம். 7ஏ பிரிவு இருக்கும்போது ஏழடி வைப்பது கட்டாயமில்லை என்று சொல்லி அந்த வாதத்தை நீதிமன்றம் தள்ளியது. முதல் மனைவிக்கு நியாயம் கிடைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது, திருத்தணி 1960 வரைக்கும் ஆந்திரத்தில் இருந்த ஊர். எல்லைப் போராட்டத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. அது அங்கேயே இருந்திருந்தால் அந்த அம்மாவின் வழக்கு எவ்வளவு கடினமாகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். ஒரு மாநிலச் சட்டமன்றம் தன் மக்களின் வழக்கத்தைப் பார்த்துச் சட்டத்தை வளைக்க முடிந்ததால்தானே இது நடந்தது? அரசியலமைப்பில் விளக்கம் ஏறிவிட்டால் அந்த இடம் சுருங்கிப் போகும்.

அப்புறம், யாருடைய வழக்கத்தை வைத்து அந்த விளக்கத்தை எழுதுவார்கள்? நமக்கு அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் எல்லாம் முறை. வடக்கே பல சமூகங்களில் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். இந்துத் திருமணச் சட்டமும் தாய்மாமனும் அக்கா மகளும் கட்டுவதைத் தடைப்பட்ட உறவாகத்தான் வைத்திருக்கிறது. ‘வழக்கம் அனுமதித்தால் சரி’ என்ற விதிவிலக்கில்தான் நம் கல்யாணங்கள் நிற்கின்றன. சிறப்புத் திருமணச் சட்டம் இன்னும் கண்டிப்பு. அதன் அட்டவணையில் மாமன் மகளும் உண்டு, அத்தை மகளும் உண்டு. வழக்கம் இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும்.

இதில் மாட்டிக்கொண்ட ஒரு ஜோடியை எனக்குத் தெரியும். பையன் வீடு இந்து. பெண்ணின் அப்பா, அதாவது பையனின் தாய்மாமன், தன் கல்யாணத்துக்கு முன்பே கிறிஸ்தவத்துக்கு மாறியவர். பிறந்ததிலிருந்து ‘உனக்கு இவள்தான்’ என்று சொல்லி வளர்த்த உறவு. இரண்டு வீட்டாருக்கும் சம்மதம். பெண் கிறிஸ்தவர் என்பதால் இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் போகலாம் என்று பதிவு அலுவலகத்துக்கு வந்தால், எழுத்தர் அட்டவணையை விரலால் காட்டி ‘மாமன் மகள் கூடாது’ என்கிறார். பெண்ணின் பாட்டிக்கு இது விளங்கவே இல்லை. “சொந்தத்துலதானே கட்டுறோம், அதுக்கு ஏன் வேணாங்குறாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் திருச்சபையில் சிறப்பு அனுமதி வாங்கிச் சர்ச்சில் நடத்தினார்கள். ஒரு சாதாரணச் சட்டத்தின் அட்டவணைக்கே இவ்வளவு அலைச்சல் என்றால், அரசியலமைப்பில் ஏறிய வரியை எந்தப் பாட்டியால் எதிர்க்க முடியும்?

அரசியலமைப்பில் எழுதும் யோசனையை அமெரிக்காவில் முழு மூச்சாக முயன்று பார்த்தார்கள். மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2003ல் ஒருபாலினத் தம்பதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும், 2004 பிப்ரவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்றார். அங்கே இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 50 மாநிலங்களில் 38ன் ஒப்புதல் வேண்டும். 2004ல் செனட்டில் அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவதற்கே 48 பேர்தான் ஆதரவு, 50 பேர் எதிர்ப்பு. 2006ல் பிரதிநிதிகள் அவையில் 236க்கு 187 என்று வந்தும் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை.

தேசிய அளவில் தோற்றது, மாநிலங்களில் ஜெயித்தது. 2004 நவம்பரில் ஒரே நாளில் 11 மாநிலங்கள் தங்கள் அரசியலமைப்பில் இதை எழுதிக்கொண்டன. அவற்றில் ஒஹாயோவில் நடந்ததை நம் ஊர்க் குடும்ப வழக்கறிஞர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். இப்படி வரி எழுதுகிறவர்கள் ‘ஆண், பெண்’ என்பதோடு நிறுத்துவதில்லை. பின்வாசல் வழியாக யாரும் வந்துவிடக் கூடாதென்று, கல்யாணம் ஆகாதவர்களின் உறவுக்குக் கல்யாணத்தைப் போன்ற சட்ட நிலை எதையும் மாநிலம் தரக் கூடாது என்று இரண்டாவது வரியையும் சேர்த்தார்கள். உடனே அதைப் பிடித்துக்கொண்டவர்கள் யார் தெரியுமா? சேர்ந்து வாழ்ந்த பெண்ணை அடித்து வழக்கில் சிக்கிய ஆண்கள். ‘எங்களுக்குள் கல்யாணம் ஆகவில்லை, குடும்ப வன்முறைச் சட்டம் எங்களைக் கணவன் மனைவி போல நடத்துவது அரசியலமைப்புக்கு விரோதம்’ என்று வாதாடினார்கள். கீழ் நீதிமன்றங்கள் சில அதை ஏற்கவும் செய்தன. 2007ல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளும்வரை அடி வாங்கிய பெண்களின் வழக்குகள் அந்தரத்தில் நின்றன.

நம் நாட்டில் 2005ன் குடும்ப வன்முறைச் சட்டம் ‘திருமணத்தின் தன்மையுள்ள உறவு’ என்று சொல்லி, தாலிக்கு ஆதாரம் இல்லாத பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்த ஒரு பெண் என்னிடம் வந்தார். மலைக்கோயிலில் தாலி கட்டியிருக்கிறார்கள். போட்டோ இல்லை, பத்திரிகை இல்லை, பதிவும் இல்லை. ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், குடித்தனம் ஆந்திரத்தில். ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்து மேஜையில் கொட்டினார்: குழந்தையின் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர், சமையல் கேஸ் புத்தகம், பிரசவத்தின்போது ‘கணவர்’ என்ற இடத்தில் அவன் போட்ட கையெழுத்தோடு ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு. அந்தச் சீட்டுதான் அவரைக் காப்பாற்றியது. வீட்டை விட்டு விரட்டக் கூடாதென்று உத்தரவு வாங்க முடிந்தது. ஒஹாயோவின் இரண்டாவது வரி நம் அரசியலமைப்பில் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த உத்தரவுக்கு எதிராக என்ன வாதம் வைப்பார் என்று யோசித்தாலே எனக்குப் பதறுகிறது.

நீதிபதிகள் ஐந்து பேர் உட்கார்ந்து நம் குடும்ப வழக்கத்தை மாற்றிவிடுவார்களோ என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. அது நேர்மையான பயம்தான். ஆனால் 2023 தீர்ப்பைப் படித்துப் பாருங்கள்: கல்யாணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை என்று ஐவரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை, அதை நாடாளுமன்றத்தின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆகவே தடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. என் கருத்தைக் கேட்டால், ஒருபாலின ஜோடிகளான அந்தப் பிள்ளைகளும் சட்டப்படி கட்டிக்கொள்ள வழி வேண்டும், நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் அதைச் செய்யலாம். ஒத்துக்கொள்ளாதவர்களும் அதே நாடாளுமன்றத்தில் வாதாடலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம். அரசியலமைப்பில் எழுதியதை அப்படி மாற்ற முடியாது. கலிபோர்னியாவில் 2008ல் எழுதிய வரி, நீதிமன்றங்களால் செயலிழந்த பிறகும் ஏட்டில் அப்படியே கிடந்து, 2024 நவம்பரில் இன்னொரு மக்கள் வாக்கெடுப்பு வைத்துத்தான் நீங்கியது.

சாதாரணச் சட்டம் என்றால் விளக்கிப் படிக்கவாவது இடம் இருக்கும். தூத்துக்குடியில் கோயிலில் கல்யாணம் செய்த ஒரு ஆணுக்கும் திருநங்கைக்கும் பதிவு மறுக்கப்பட்டபோது, 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். அரசியலமைப்பில் இறுக்கமாக ஒரு விளக்கம் இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமா?

சரி, இப்போது கையில் இருப்பதைச் சொல்கிறேன். எந்தக் கல்யாணமாக இருந்தாலும் பதிவு செய்யுங்கள். திருமலையில் கட்டினாலும் திருத்தணியில் கட்டினாலும் சரி. ஆந்திரத்தில் 2002லிருந்தும் தமிழ்நாட்டில் 2009லிருந்தும் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. எல்லை தாண்டிச் சம்பந்தம் செய்பவர்கள் மண்டபம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை ரசீதில் தெளிவாக எழுதி வாங்குங்கள். ஐயர் இல்லாத கல்யாணம் என்றால் மண்டபத்தைத் தமிழ்நாட்டுப் பக்கமே பாருங்கள்.

கல்யாணம் செய்ய வழியில்லாமல் சேர்ந்து வாழ்கிற ஒருபாலின ஜோடிகளுக்கு: மேஜரான பெண்ணை வீட்டார் அடைத்து வைத்தால் ஆட்கொணர்வு மனு போடலாம். வேலூர் மாவட்டக் காவல்துறையை எதிர்மனுதாரராகச் சேர்த்து அப்படி அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் தோழி போட்ட மனுவில், 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி அல்ல என்று சொல்லி அந்தப் பெண்ணைத் தன் விருப்பப்படி போகவிட்டது. வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது. கிளை மேலாளர் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஆனால் நாமினி வாரிசு ஆகிவிட மாட்டார். பணத்தை வாங்கிக் கொடுக்கும் பொறுப்புதான் அவருக்கு. சொத்து ஒருவருக்கொருவர் போய்ச் சேர வேண்டுமென்றால் உயில் எழுதுங்கள். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், அவர்கள் உயிலில் பங்கு பெறாதவர்களாக, உங்களைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும்.