தண்ணீர் குடித்தும் தாகம் தீராதது ஏன்?

இலியோஸ்டமி அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு இது நன்றாகத் தெரியும். தாகம் எடுக்கிறது, தண்ணீர் குடிக்கிறார்கள். சற்று நேரத்தில் பை நிறைகிறது, தாகமோ அப்படியே இருக்கிறது. மறுபடி குடித்தால் மறுபடி பை நிறைகிறது.

சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே எடுத்து, கழிவு ஒரு பையில் சேரும்படி செய்வதுதான் இலியோஸ்டமி. வெளியே தெரியும் அந்தச் சிவந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். (பெருங்குடலை இதேபோல் வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்தால் கொலாஸ்டமி. அதில் பெருங்குடலின் ஒரு பகுதி வேலை செய்வதால் இந்தத் தொல்லை குறைவு.) பெருங்குடலைக் கழிவு போகும் வெறும் குழாயாகவே பலரும் நினைக்கிறோம். ஆனால் நாளொன்றுக்கு அதற்குள் வரும் சுமார் 1 முதல் 1.5 லிட்டர் திரவத்தில் பெரும்பகுதியை, உப்போடு சேர்த்து ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புவது அதுதான். இலியோஸ்டமியில் அந்த வேலைக்கு ஆளில்லை.

சரி, அதிகமாகத் தண்ணீர் குடித்து ஈடுகட்டலாமே? அங்கேதான் சிக்கல். சிறுகுடலின் மேற்பகுதிச் சுவர் சல்லடை மாதிரி. உப்பில்லாத தண்ணீர் அங்கே வந்தால், ரத்தத்திலுள்ள சோடியம் குடலுக்குள் கசிந்து, கழிவோடு வெளியேறிவிடும். பைக்குப் போவது ஏற்கெனவே அதிகமாக இருப்பவர்களுக்கு, வெறும் தண்ணீரே உடம்பை இன்னும் வறட்டிவிடும். அதிக இனிப்பான பானமும் உதவாது. அது தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும்.

உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் வேறு வழியில் வேலை செய்கிறது. சிறுகுடல் சுவரிலுள்ள ஒரு புரதம் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஜோடியாகத்தான் உள்ளே ஏற்றும். அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். எவ்வளவு குடிப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அளவு மாறும்.

அடுத்த தொல்லை எரிச்சல். ஸ்டோமாவில் வலியை உணரும் நரம்புகள் இல்லை, தொட்டால் வலிக்காது. எரிவது சுற்றியுள்ள தோல். சிறுகுடல் கழிவில் செரிமான நொதிகள் இன்னும் வீரியத்தோடு இருக்கும். இறைச்சியைக் கரைப்பவை தோலை மட்டும் விட்டுவைக்குமா? முதல் 6 முதல் 8 வாரங்களில் வீக்கம் வற்றி ஸ்டோமா சுருங்கும். பழைய அளவிலேயே பையின் துளையை வெட்டிக்கொண்டிருந்தால் இடைவெளியில் கழிவு தங்கி, தோல் புண்ணாகும். அவ்வப்போது அளந்து பார்ப்பது களிம்புகளைவிடப் பலன் தரும் என்பேன்.

சாப்பாட்டில் நீண்ட தடைப் பட்டியல்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வீக்கம் இருக்கும் வாரங்களில் சோளம், காளான், கொட்டைகள், பழத்தோல் போன்றவை ஸ்டோமாவின் குறுகிய வாயில் சிக்கலாம். அப்போது தள்ளிவைப்பது நியாயம். அப்புறம் ஒவ்வொன்றாக, கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிட்டுப் பார்க்கலாம். பீட்ரூட் சாப்பிட்ட பிறகு பை சிவந்திருந்தால் பதற வேண்டாம்.

ஆனால் பல மணி நேரம் பைக்கு எதுவும் வராமல், வயிறு முறுக்கி வாந்தியும் வந்தால் அடைப்பாக இருக்கலாம். பேதி மருந்து எடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.