குடல்துளை அல்ல, குடல்வாய்

வயிற்றுத் தோலிலிருந்து பெருங்குடலுக்கு ஒரு திறப்பு வைத்து, அதில் குழாய் பொருத்துவது ‘சீகோஸ்டமி’. அதைக் ‘குடல்துளை’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்தலாம். சொல்லின் வேரில் புதிர் ஏதுமில்லை. லத்தீனில் சீக்கம் என்றால் குருடு. பெருங்குடலின் தொடக்கத்தில் முட்டுச்சந்துபோல் ஒருபக்கம் அடைபட்ட பை அது, தமிழில் குருட்டுக்குடல். ஸ்டோமா கிரேக்கச் சொல், பொருள் வாய்.

வாய் என்று மூலமே சொல்லும்போது துளை எங்கிருந்து வந்தது? குடலில் துளை விழுந்தது என்றால், டைபாய்டு முற்றி ஓட்டையாகி மலம் வயிற்றறைக்குள் கசிகிறது என்று பொருள். அது உயிர்போகும் அவசரம். முதுகுத்தண்டுப் பிளவால் மலம் அடங்காத பிள்ளைக்கு, உப்புநீர் விட்டுக் குடலைக் கழுவ நாமே வைக்கும் வழிக்கும் அதே பெயரா? 1990களில் டொரன்டோவில் குழந்தைக் கதிரியல் மருத்துவர்கள் ஊசிவழியே இதைச் செய்து காட்டினார்கள். ‘துளை இனிய தமிழ், எளிய தமிழ்’ என்பார்கள். இருக்கட்டுமே, மலம் வெளியேறும் இடத்தை எருவாய் என்பதும் தமிழ்தானே? உடலின் திறப்பை வாய் என்றழைக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழுப்பெயர் குருட்டுக்குடல்வாய், பேச்சில் குடல்வாய்.

அந்தத் திறப்பில் இருக்கும் பழைய குழாயை எடுத்துப் புதியது வைப்பதை ‘குழாய் மாற்று அறுவை சிகிச்சை’ என்பது இன்னொரு கொடுமை. அங்கே கத்தியே கிடையாது. பழைய குழாயில் எக்ஸ்ரே படத்தில் தெரியும் மருந்தைச் செலுத்தி இடம் பார்ப்பார்கள். கம்பியை உள்ளே விட்டு, கம்பியை நகரவிடாமல் குழாயை உருவி, அதன்மேலேயே புதியதை ஏற்றுவார்கள். பிறகு மீண்டும் மருந்து. அது பெருங்குடலின் மடிப்புகளைக் காட்ட வேண்டும். குடலுக்கு வெளியே குளமாகத் தேங்கினால் குழாய் வழிதவறிவிட்டது, அதில் உப்புநீர் விடவே கூடாது. குழாய் மாற்றல் என்றால் போதாதா? 

பிழையான சொல்லின் விலை, குழாய் நழுவி விழும்போது தெரியும். துளை தானாக மூடுகிறது என்றால் நல்ல சேதியாகத்தான் தோன்றும், வீட்டிலேயே காத்திருப்பார்கள். வாய் சுருங்குகிறது என்றால் ஓடிவருவார்கள். ஓடிவரத்தான் வேண்டும்: வழி சில மணி நேரத்திலேயே குறுகத் தொடங்கும். பயிற்சி பெற்றவர்கள் அதே தடிமனுள்ள ஃபோலி குழாயை (சிறுநீர் வடிக்கப் போடும் குழாய்) மெல்ல நுழைத்து ஒட்டிவைத்தால், எக்ஸ்ரே அறைக்கு வரும்வரை வழி அடையாது.