ஐயட்ரோஜெனிக்: தமிழில் சிகிச்சைவழிக் கேடு

நோயைத் தீர்க்கச் செய்த சிகிச்சையே ஒருவருக்குப் புதிய நோயையோ பாதிப்பையோ கொடுத்துவிட்டால், மருத்துவர்கள் அதை 'ஐயட்ரோஜெனிக்' என்பார்கள். கிரேக்கத்தில் 'ஐயட்ரோஸ்' என்றால் மருத்துவர். பின்பாதி, 'பிறப்பிக்கிற' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது.

இந்தச் சொல்லைக் கேட்டால் இன்று நினைவுக்கு வருவது தவறிப்போன அறுவை சிகிச்சை, ஒத்துக்கொள்ளாத மருந்து, ஆஸ்பத்திரியில் தொற்றிய கிருமி. ஆனால் 1920களில் புழக்கத்துக்கு வந்தபோது இது சுட்டியது மருத்துவரின் பேச்சை. 'உங்கள் இதயம் பலவீனம்' என்று அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு நோயாளிக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கினால், அதுதான் ஐயட்ரோஜெனிக். மனக்கோளாறுக்கு மருத்துவரே காரணமாவதைப் பற்றி ஜெர்மானிய மனநல மருத்துவர் ஓஸ்வால்ட் பூம்கே 1925இல் கட்டுரையே எழுதினார். பேச்சையே மருந்தாகக் கொண்ட உளச்சிகிச்சைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

உளச்சிகிச்சை பலருக்கு உண்மையாகவே உதவுகிறது. சிலருக்குப் பலனில்லாமல் போகும். பழைய துயரத்தைப் பேசத் தொடங்கியதும் சில வாரங்கள் மனம் கனப்பதும் உண்டு. இவை எதுவும் கேடு அல்ல. வந்தபோது இருந்ததைவிட மோசமாகி, அந்த நிலை நீடிப்பதுதான் கேடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 14,500க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்ட ஆய்வு 2016இல் வெளியானது. அதில் ஏறத்தாழ 5% பேர், சிகிச்சையால் நீடித்த தீங்கு ஏற்பட்டதாகச் சொன்னார்கள். தங்களுக்கு எந்த வகைச் சிகிச்சை தரப்படுகிறது என்றே தெரியாதவர்களிடம் இது கூடுதலாக இருந்தது.

எனக்கு மிகவும் கவலை தரும் உதாரணம் 'டீபிரீஃபிங்'. விபத்தோ பேரிடரோ நடந்த சில நாட்களுக்குள், பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் பேசவைக்கும் முறை இது. பேசினால் பாரம் குறையும் என்று நாம் எல்லோரும் நம்புவதால், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசவைக்கப்பட்டவர்களில் 26% பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9% பேருக்குத்தான். முதல் குழுவினரின் காயம் சற்றுத் தீவிரமானது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சாலை விபத்தில் சிக்கியவர்களை 3 ஆண்டு பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டியது. தொடக்கத்தில் கடும் அதிர்ச்சியில் இருந்தவர்கள் தாமாகத் தேறினார்கள். அதே அளவு அதிர்ச்சியோடு டீபிரீஃபிங் பெற்றவர்கள் தேறவில்லை. சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005இல், ஒரே அமர்வில் முடிக்கும் இந்த முறை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பக்கவிளைவு' போதாது. முக்கியப் பலன் கிடைத்து, ஓரமாக ஒரு தொல்லையும் வந்தால்தான் அது பக்கவிளைவு. 'சிகிச்சைக்கேடு' என்றும் சொல்ல முடியாது. மானக்கேடு என்றால் மானத்துக்கு வந்த கேடு, சுகக்கேடு என்றால் சுகத்துக்கு வந்த கேடு. அந்த வழக்கப்படி சிகிச்சைக்கேடு என்றால் சிகிச்சை கெட்டுப்போனது என்றாகிவிடும். தாய்வழி உறவு, தந்தைவழிச் சொத்து என்பதுபோல 'சிகிச்சைவழிக் கேடு' என்றால், கேடு எங்கிருந்து வந்தது என்பது சொல்லிலேயே தெரிகிறது. 'சிகிச்சை' வேண்டாம் என்பவர்கள் 'மருத்துவவழிக் கேடு' எனலாம். உளச்சிகிச்சைக்கு முதலாவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எங்கிருந்து வந்தது என்பதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. முழங்கால் அறுவை தவறினால் 'டாக்டர் கெடுத்துவிட்டார்' என்று தயங்காமல் சொல்கிறோம். கவுன்சலிங் போய் நொறுங்கியவர் 'எனக்குத்தான் சரிவரவில்லை' என்கிறார். சில ஆலோசகர்களும் 'நீங்கள் ஒத்துழைக்கவில்லை' என்று அதை உறுதிப்படுத்திவிடுகிறார்கள். அப்புறம் அவர் வேறு யாரிடமும் உதவி கேட்டுப் போவதில்லை.

தன்பால் ஈர்ப்பை 'மாற்ற' முயலும் சிகிச்சை, இந்தச் சொல்லுக்குள் அடங்கும் இன்னொரு கொடுமை. அப்படிப்பட்ட முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை விதித்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதற்கு ஆளான ஒருவர் பிறகு வேறொரு ஆலோசகரிடம் வந்தால், குறிப்பேட்டில் 'மனச்சோர்வு' என்று மட்டும் எழுதக் கூடாது. 'முந்தைய சிகிச்சைவழிக் கேடு' என்றும் சேர்த்து எழுத வேண்டும். அங்கே என்ன நடந்தது என்று கேட்ட பிறகே புதிய சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.