பிரேக் ஆயில் குறைகிறதா? ஊற்றுவதற்கு முன் தேடுங்கள்

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் கிளப் ரேஸ் ஓட்டுகிறவர்களின் கார்கள் எங்கள் ஷெட்டுக்கு வருகின்றன. பெரும்பாலும் பழைய மாருதி எஸ்டீம்தான், சொந்தக் காசைப் போட்டு ஓட்டுகிறவர்கள். பிட்டில், அதாவது டிராக் ஓரம் கார்களை நிறுத்திச் சரிபார்க்கிற இடத்தில், அடிக்கடி பார்க்கிற ஒரு காட்சி என்னைப் பதற வைக்கிறது: பானெட்டைத் திறக்கிறார்கள், பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கிறது, பாட்டிலை எடுத்து மேல் கோடு வரை ஊற்றி மூடிவிட்டு அடுத்த செஷனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எஞ்சின் ஆயில் மாதிரி ஓட ஓட எரிந்து குறைகிற சரக்கு இல்லை இது. மட்டம் இறங்கினால், ஒன்று பேட் (டிஸ்க்கைப் பிடித்து நிறுத்துகிற கட்டை) தேய்ந்து, அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் எங்கேயோ வெளியே போகிறது. அளக்காமல் ஊற்றிவிட்டால் எது என்று கண்டுபிடிக்கிற வழியையே அடைத்துவிடுகிறீர்கள்.

பேட் தேய்மானத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பேட்களையும் பிஸ்டனையும் தாங்குகிற காலிப்பரில் ஒரே பிஸ்டன்தான், அதன் விட்டம் சுமார் 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் 1 மி.மீ. வெளியே வர ஏறக்குறைய 2 மில்லி ஆயில் போதும். உள் பேட், வெளிப் பேட் இரண்டும் தலா 3 மி.மீ. தேய்ந்திருந்தால் அந்த ஒரே பிஸ்டன் 6 மி.மீ. வெளியே வர வேண்டும், ஒரு சக்கரத்துக்கு 12 மில்லி, முன்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து 24. பழைய கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை மருந்துக்கடை சிரிஞ்சால் அளந்து விடுங்கள். டிஸ்க் தேய்மானத்துக்கும் பின் டிரம்முக்கும் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துப் பாருங்கள். கணக்கு 24 சொல்லும்போது டப்பா 60 கேட்டால் அது கசிவுதான், வேறு பேச்சே இல்லை.

சரி, எங்கே கசிகிறது? முதலில் எல்லா இணைப்பையும் துடைத்துக் காயவிடுங்கள், ஈரத்தோடு தேடினால் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருவர் பெடலைப் பலமாக மிதித்து ஐந்து நிமிடம் பிடித்திருக்க, இன்னொருவர் டார்ச்சோடு ஹோஸ், அதைக் காலிப்பரில் இணைக்கிற துளையுள்ள பேஞ்சோ போல்ட், காற்றை வெளியேற்றத் திறக்கிற பிளீடர் நிப்பிள், காலிப்பர் டஸ்ட் கவரின் உட்புறம் என்று ஒவ்வொன்றாக வெள்ளை டிஷ்யூவை ஒற்றிப் பார்க்க வேண்டும். பின் டிரம்மைக் கழற்றி, உள்ளே பிரேக் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ரப்பரின் விளிம்பைத் தூக்கிப் பாருங்கள். சில கசிவு சூட்டில்தான் வரும், அதனால் டிராக்கிலிருந்து வந்த கையோடும் ஒருமுறை பார்க்க வேண்டும். கிடைத்த ஈரம் பிரேக் ஆயிலா கியர் ஆயிலா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். நாம் போடுகிற டாட் 3, டாட் 4 ரகம் தண்ணீரில் கரைந்துவிடும், கியர் ஆயில் மேலே மிதக்கும்.

பிளீடர் நிப்பிள் மரையில் வெள்ளை டேப் சுற்றி கசிவை நிறுத்திவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். நிப்பிள் அடைப்பது அதன் கூம்பு முனையில், மரையில் இல்லை. முனை பழுதாகியிருந்தால் நிப்பிளையே மாற்றுங்கள். பேஞ்சோ போல்ட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் செம்பு வாஷர் புதிது போடுங்கள். இதிலெல்லாம் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

நாலு சக்கரமும் காய்ந்து கிடக்கிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை, ஆனாலும் ஆயில் குறைகிறது என்கிற கேஸ்தான் ஆளைச் சுற்ற வைக்கும். அப்படி ஒரு எஸ்டீம் எங்களிடம் வந்தது. நேர்ச்சாலை முடிவில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் வெள்ளைப் புகை வந்ததால், எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முடிவு கட்டி எஞ்சினை இறக்கவே தயாராகியிருந்தார்கள். கேஸ்கெட் போய் அப்படிப் புகை வந்தால் கூலண்ட் குறைந்திருக்க வேண்டும், அதன் மட்டமோ அப்படியே இருந்தது. பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரை, எஞ்சின் வேக்குவத்தால் மிதிக்கு உதவுகிற பூஸ்டரில் பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கழற்றி, குழாய் வளையாதபடி ஒரு விரல் அளவு முன்னே இழுத்து, முறுக்கிய டிஷ்யூவை உள்ளே விட்டோம். சொட்டச் சொட்ட நனைந்து வந்தது. மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய், ஆயில் பூஸ்டருக்குள் தேங்கி, அங்கிருந்து வேக்குவம் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குப் போய் எரிந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விடும்போதுதான் எஞ்சினுக்குக் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம், புகையும் அப்போதுதான் வந்தது. இப்படி நனைந்த பூஸ்டரைத் துடைத்துப் போடாதீர்கள், உள்ளே டயஃப்ரம் கெட்டுப்போகும். மாஸ்டர் சிலிண்டரோடு சேர்த்து மாற்றுவதுதான் சரி.

இன்னொன்று, மட்டம் குறையவில்லை, ஆனால் மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சீலைத் தாண்டி ஆயில் திரும்பிப் போகிறது என்று சந்தேகப்படுங்கள். டப்பாவின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் மேல் கோட்டுக்கு மேல் ஊற்றி வளைவுகளில் மூடி வழியாகச் சிந்தியிருக்கலாம், அல்லது ஆயில் கொதித்து டப்பாவுக்குத் திரும்பத் தள்ளியிருக்கலாம். கொதித்திருந்தால் பெடலும் பஞ்சு மாதிரி அமுங்கும். டாட் 4 தரத்தில் புது ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய ஆயிலுக்கு 155. திறந்து வைத்த பழைய பாட்டிலை டிராக்குக்குக் கொண்டு வராதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கசிந்த ஆயில் பேடில் பட்டிருந்தால் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் தேய்த்து மறுபடி மாட்ட வேண்டாம். அந்த ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் புது பேட் போடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். மாஸ்டர் சிலிண்டர் பக்கம் கசிந்திருந்தால் புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள், சூட்டில் பிரேக் ஆயில் தீப்பிடிக்கும். எஞ்சின் ஆறியபின் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, வேலை முடிந்ததும் டப்பாவில் இப்போதைய மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒவ்வொரு செஷன் முடிந்தும், கார் சமதரையில் நிற்கும்போது, அந்த டேப்பைப் பாருங்கள். காரணம் தெரியாமல் மட்டம் இறங்கியிருந்தால் அன்றைக்கு அந்தக் கார் டிராக்குக்குப் போகக் கூடாது, ரேஸ் தொடங்கும் வரிசையில் (கிரிட்டில்) முதல் இடம் கிடைத்திருந்தாலும் சரி.